ஜீப்பில் காய்ந்த வெந்நீர்

ஊத்துப்பட்டிக்காரர்கள் பாண்டிராஜின் ஜீப்பை எருமை என்றுதான் சொல்வார்கள். அது ஓடுவதும் அப்படித்தான். பின்னால் லாரிக்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாலும் தன் நடையை மாற்றாது. ஆனால் மழைக்காலம் வந்தால் எல்லோரும் அந்த எருமையைத்தான் தேடுவார்கள். தாயில்பட்டிக்குத் தெற்கே தார் ரோட்டை விட்டு இறங்கினால் கரிசல். நாலு தூறல் விழுந்தால் போதும், மண் எழுந்து வந்து காலைக் கவ்விக்கொள்ளும். பட்டாசுக் கம்பெனி வேன்கள் ரோட்டிலேயே நின்றுவிடும். வேலைக்குப் போகிற பெண்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். பாண்டிராஜின் ஜீப்புக்கு நாலு சக்கரமும் இழுக்கும். முக்கி முனகி எப்படியும் கரையேறிவிடும்.

அவருக்கு வயது ஐம்பது தாண்டிவிட்டது. பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றது. அப்புறம் தீப்பெட்டிக் கம்பெனியில் மரச் சட்டத்தில் தீக்குச்சி அடுக்கினார். மீசை அரும்பியதும் லாரியில் கிளீனராக ஏறினார். பிறகு டிரைவர். தீபாவளி சீசனில் சிவகாசி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போவதும், மொழி தெரியாத ஊர் ஓரங்களில் வண்டி நிழலில் பொங்கித் தின்பதுமாகப் பாதி ஆயுசு கழிந்தது. இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இறங்கினார். மலை எஸ்டேட்டில் கழித்துப் போட்ட ஜீப் ஒன்று மலிவாகக் கிடைத்தது. இடுப்பு போனவனுக்கு அதைவிட மோசமான வண்டி உலகத்தில் கிடையாது. இருந்தாலும் கையில் இருந்தது அந்தத் தொழில் ஒன்றுதான்.

காலையில் ஊத்துப்பட்டியில் கிளம்பி, அதற்கும் அப்பால் இருக்கிற மேலக்காட்டுக்குப் போய் அங்கிருந்து நாலைந்து பெண்களை ஏற்றிக்கொண்டு பட்டாசுக் கம்பெனி வாசலில் விடுவார். சாயங்காலம் அழைத்து வருவார். நடுவில் கிடக்கிற பகலில் ஜீப்புக்கு அடியில் படுத்து எதையாவது முடுக்கிக்கொண்டிருப்பார். ஊத்துப்பட்டியிலிருந்து அந்தக் கம்பெனிக்குப் போகிறவள் அவர் மனைவி வள்ளித்தாய் மட்டும்தான். திரும்பும்போது முதலில் வருவது ஊத்துப்பட்டி என்பதால் அவளை முதலில் இறக்கிவிட்டு, மேலக்காடு போய் மற்றவர்களை விட்டுவிட்டு, அவர் வீடு திரும்ப நன்றாக இருட்டிவிடும். ஜீப் வாங்கிய நாளிலிருந்து இதுதான் வரிசை. இதை மாற்றலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

வள்ளித்தாய்க்குப் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, வெடிமருந்து செலுத்துகிற வேலை. மண் குப்பியில் மருந்தைப் போட்டுக் கெட்டிக்க வேண்டும். மருந்தில் கலக்கிற அலுமினியப் பொடி காற்றிலேயே மிதக்கும். சாயங்காலம் அவர்கள் வேலி தாண்டி வரும்போது புதிதாக ஈயம் பூசிய பாத்திரங்கள் நடந்து வருகிற மாதிரி இருக்கும். கம்பெனியில் தொட்டி இருக்கிறது, கைகால் கழுவலாம். ஆனால் அது கழுவினால் போகிற பொடி இல்லை. காது மடலில், இமை முடியில், சேலை மடிப்பில் என்று வீடு வரைக்கும் கூடவே வரும்.

அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நடக்கத் தெரிவதற்கு முன்னால் தெரிகிற சங்கதி ஒன்று உண்டு. மருந்து உடம்போடு வருகிறவர்கள் அடுப்பங்கரைக்குள் கால் வைக்கக் கூடாது. விளக்குப் பொருத்தக் கூடாது. சுவிட்சைக்கூடத் தொடமாட்டார்கள். நேரே பின்பக்கம் போய்க் குளித்து, சேலையை அவிழ்த்துத் தண்ணீருக்குள் அமுக்கிவிட்டுத்தான் வாசல்படி ஏறுவார்கள். ஆகவே குளிக்க வெந்நீர் வேண்டுமென்றால் அதை வேறு யாராவதுதான் போட்டு வைக்க வேண்டும்.

மகள் இசைவாணி வீட்டில் இருந்தவரை அந்தக் கவலை இருந்ததில்லை. ஓடைப் பாலத்தில் ஜீப் உறுமுகிற சத்தம் கேட்டதும் அடுப்பில் குண்டானை ஏற்றிவிடுவாள். தாய் வந்து இறங்கும்போது நீராவி பறக்கும். அவளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. போன் பண்ணும்போதெல்லாம், "அம்மா, வெந்நி யாரு போட்டுத் தாராக?" என்று கேட்பாள். "போடுதாக போடுதாக" என்பாள் வள்ளித்தாய். யாரும் போடவில்லை. தெருவில் எல்லோருமே ஏதாவது ஒரு கம்பெனிக்குப் போகிறவர்கள்தான். அக்கம்பக்கத்தில் பகலெல்லாம் இருப்பது கோழியும் நாயும்.

மகள் வாங்கிக் கொடுத்த ஹீட்டர் கம்பி ஒன்று பரணில் கிடக்கிறது. சாயங்காலம் ஊரே விளக்கைப் போட்ட பிறகு கரண்ட் அழுது வடியும். கம்பி சூடாவதற்குள் தூக்கம் வந்துவிடும். அப்படியே சூடானாலும் சுவிட்சைப் போட ஆள் வேண்டுமே.

அதனால் பச்சைத் தண்ணீர்தான். வெயில் காலத்தில் அது ஒரு குறையில்லை. போன வருஷம் மூட்டுக் காய்ச்சல் வந்து படுத்து எழுந்த பிறகுதான் வள்ளித்தாய்க்குத் தண்ணீரைக் கண்டாலே பயம் வந்தது. மார்கழியில் ஒரு செம்புத் தண்ணீர் தோளில் விழுந்தால் விரல்கள் அப்படியே மடங்கிக்கொள்ளும். மறுபடி நிமிர்த்த ஒரு பாடு.

மார்கழி பாதியில் ஒருநாள் பாண்டிராஜ் வீடு திரும்பியபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வள்ளித்தாய் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். தலைமுடி காய்ந்திருந்தது. அடுப்பு வெளிச்சம் படும்போதெல்லாம் அவள் முழங்கை மினுங்கியது.

"ஏ வள்ளி, குளிச்சிட்டியா?"

"ம்."

"முழங்கையில என்ன மினுங்குது?"

அவள் கையை மடியில் மறைத்துக்கொண்டாள்.

"முதல்ல எந்திரிச்சு வெளியே வா" என்றார்.

அவள் எழுந்து வருவதற்கே நேரம் பிடித்தது. முந்தானையில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு ஓட்டை, ஓரம் கருகி இருந்தது.

"பச்சத்தண்ணி ஊத்த முடியலங்க. ஒரு சட்டி வெந்நி போட்டுக்கிட்டுக் குளிப்பம்னு பத்த வச்சேன். பொறி விழுந்துச்சு. உடனே அமத்திட்டேன்."

"எத்தனை நாளா இப்படி நடக்குது?"

"இன்னைக்குத்தான்" என்றாள். அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

அவர் கத்தவில்லை. அந்த ஊர்களில் இந்த மாதிரி விஷயத்துக்கு யாரும் கத்துவதில்லை. ஒவ்வொரு தெருவிலும் ஒரு வீட்டில் பூப்போட்ட போட்டோ இருக்கும். வேலையில் இருந்தபோது போனவர்களும் உண்டு, வீட்டுக்கு வந்து அடுப்பில் போனவர்களும் உண்டு. அவர் அடுப்பை இழுத்து அணைத்தார். பழைய சோற்றில் மோரை ஊற்றி ஆளுக்குக் கொஞ்சம் தின்றார்கள்.

"வேலையை விட்டுரு" என்றார் படுக்கும்போது.

"விட்டுட்டு?" என்றாள் அவள்.

அடுத்த வாரம் கிளட்ச் பிளேட் மாற்றுவதற்காகச் சிவகாசியில் காசிராஜன் பட்டறைக்குப் போனார். காசிராஜனுக்கு ஜீப் வேலைதான் பிரதானம். ஒரு காலத்தில் காட்டுக்கும் மேட்டுக்கும் போகிற ஜீப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது பொழுதுபோக்குக்கு மலை ஏறுகிற பையன்களின் வண்டிகளைப் பார்க்கிறார். அன்றைக்குப் பட்டறையில் அப்படி ஒரு ஜீப் நின்றது. யானைக்கால் மாதிரி டயர், கூரையில் விளக்கு வரிசை. பின்னால் ஒரு வளைந்த குழாய், அதன் முனையில் குளியலறையில் இருக்கிற மாதிரி ஷவர்.

"இது என்னத்துக்கு அண்ணாச்சி?" என்று கேட்டார் பாண்டிராஜ்.

"அச்சாபீஸ் வீட்டுப் பையன் முத்துக்கிருஷ்ணன் வண்டிய்யா. இஞ்சின் சூட்டுல வெந்நி காயுமாம். மேகமலையில போயி நின்னு குளிக்கப் போறான்."

"மலையில அருவி இல்லையா?"

"அருவித் தண்ணி குளிருமாம்ல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பாண்டிராஜின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு ஜீப்பைச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். நெருப்பு இல்லாமல் வெந்நீர். சுவிட்ச் இல்லை, அடுப்பு இல்லை, தீக்குச்சி இல்லை. கம்பெனியிலிருந்து ஊத்துப்பட்டி வந்து சேருவதற்குள் எருமையின் இஞ்சின் சோறு வேகிற சூட்டுக்கு வந்துவிடும். அந்தச் சூடு இத்தனை வருஷமாகக் காற்றோடு போய்க்கொண்டிருந்தது.

"இதை நம்ம வண்டிக்குச் செஞ்சா என்ன அண்ணாச்சி?"

காசிராஜன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏய்யா பாண்டிராசு, உம்ம வண்டியில ஒழுங்கா இருக்கிறது அந்த இஞ்சின் ஒண்ணுதான். அதையும் கொதிக்க வச்சுக் கொல்லப் போறீராக்கும்?"

"அதெல்லாம் சாகாது. எருமைக்குத் தண்ணின்னா பிடிக்கும்."

பழைய இரும்புக் கடையில் உடைந்த பிரிட்ஜுகளின் செம்புக் குழாய் கிடைத்தது. சலித்த மணலை உள்ளே இறுக நிரப்பி, இரண்டு முனையையும் அடைத்துவிட்டு வளைத்தால் குழாய் நசுங்காது. லாரி நாட்களில் கற்றது. ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து வளைத்தார். இடுப்பு வலித்தபோது படுத்துக்கொண்டு வளைத்தார். வளைத்ததைச் சைலன்சர் குழாயைச் சுற்றிப் பாம்பு மாதிரி பின்னிவிட்டார். வண்டியில் அதைவிடச் சூடான இடம் எது? கூரையில் ஒரு நீலக் கேனைக் கட்டி, அதிலிருந்து தண்ணீரை இறக்கினார். வேலை சுலபமாக முடிந்த மாதிரி இருந்தது. அப்போதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவருக்கு எந்த வேலையும் சுலபமாக முடிந்ததில்லை.

காசிராஜன் பட்டறையிலேயே ஓடவிட்டுப் பார்த்தார்கள். முதலில் குளிர்ந்த தண்ணீர் வந்தது. பிறகு ஒன்றுமே வரவில்லை. பிறகு குழாய் கனைத்துக்கொண்டு ஆவியும் கொதிநீருமாகத் துப்பியது. பாண்டிராஜ் துள்ளி விலகினார். தோளில் கிடந்த துண்டு நழுவிச் சைலன்சர்மேல் விழுந்தது. அவர் குனிந்து எடுப்பதற்குள் தீய்ந்த வாடை வந்துவிட்டது.

காசிராஜன் அந்தத் துண்டை வாங்கி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். அப்போது அவர் கேலி செய்யவில்லை.

"பாண்டிராசு, உம்ம வீட்டம்மாவுக்குக் கம்பெனியில எந்த அறையில வேலை?"

"மருந்து செலுத்துற அறை."

"அந்தச் சேலையோட இது பக்கத்துல வந்து நிக்கச் சொல்லப் போறீரு. கூடவே மத்த பொம்பளைகளும் நிப்பாக."

கம்பெனி வேலியிலிருந்து எட்ட நிறுத்த வேண்டும், சைலன்சரில் பொறி தடுக்கிற கூண்டு மாட்ட வேண்டும் என்று தினமும் காவல்காரரிடம் ஏச்சு வாங்குகிறவர் பாண்டிராஜ். முந்தானை ஓட்டையைப் பார்த்துவிட்டு வந்து இந்த வேலையை ஆரம்பித்தவரும் அவர்தான். குளிக்க வைக்கிற ஆசையில், எந்த உடம்பு குளிக்கப் போகிறது என்பதை மறந்துவிட்டார்.

குழாயைக் கழற்றுவதற்காக ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்தார். கழற்றி முடித்த பிறகும் வெகுநேரம் எழவில்லை. காசிராஜன் குனிந்து பார்த்து, "தூங்கிட்டீரா?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி. எந்திரிக்க மனசில்ல."

"டீ சொல்லியிருக்கேன். அதுக்காகவாவது எந்திரியும்."

டீயைக் குடித்துக்கொண்டே காசிராஜன்தான் வழி சொன்னார். அந்தக் காலத்து இஞ்சின்களில் ஒரு ஓரத்தில் மூடி போட்டு அடைத்த துளை ஒன்று இருக்கும். குளிர்ப்பிரதேசத்தில் வண்டிக்குள் அனல் காற்று வருவதற்காக ரேடியேட்டர் தண்ணீரை அந்த வழியாக எடுப்பார்கள். விருதுநகர் வெயிலில் அனல் காற்றுக்கு யார் ஏங்குகிறார்கள், அதனால் அதை அடைத்தே வைத்திருப்பார்கள். அந்த அடைப்பை எடுத்துவிட்டால் சுடுதண்ணீர் வரும். அது செம்புக் குழாய்க்குள் ஓடட்டும். செம்புக் குழாய் ஒரு கேனுக்குள் இருக்கட்டும். கேனில் நிற்கிற குளிக்கிற தண்ணீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். இரண்டு தண்ணீரும் ஒன்றோடொன்று சேரக் கூடாது. அவ்வளவுதான் சங்கதி.

அவ்வளவுதான் என்று சொன்னார்களே தவிர, அதற்குள் தைப் பொங்கல் வந்து போய்விட்டது. பால்காரரிடம் வாங்கிய நசுங்கிய கேனுக்குள் செம்புச் சுருளை இறக்கி, வாயைப் பழைய டியூப் ரப்பரால் இறுக்கினால், அது ஒழுகியது. ரப்பரை மாற்றினால் வேறு இடத்தில் ஒழுகியது. ஒருமுறை இணைப்பு பிரிந்து, வந்ததெல்லாம் துரு நிறத்து ரேடியேட்டர் தண்ணீராக இருந்தது. பகலெல்லாம் இந்த வேலை, காலையும் மாலையும் வண்டி ஓட்டம். வள்ளித்தாய் அதுவரை பச்சைத் தண்ணீரில்தான் குளித்தாள். அவள் குளித்தாளா என்று தெரிந்துகொள்ள, வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கண் முதலில் அவள் முழங்கைக்குப் போகும். அவளுக்கும் அது தெரியும். முழங்கையை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் தட்டை வைப்பாள். இரண்டு பேருமே சிரிப்பதில்லை.

கடைசியில் ஒருநாள் ஒழுகுவது நின்றது. பால் கேனைப் பின் இருக்கைக்கு அடியில் படுக்க வைக்காமல், அதன் பக்கத்தில் நிறுத்திக் கட்டி, சாக்கைச் சுற்றி மூடினார். கூரை நீலக் கேனிலிருந்து தண்ணீர் பால் கேனின் அடியில் இறங்கும், காய்ந்த தண்ணீர் மேல்வழியாக ஒரு ரப்பர் குழாயில் வெளியே வரும். இஞ்சினை அணைத்த பிறகும் கேனில் சூடு நிற்கும். ஷவர் முனைக்கு அலையாமல், பூச்செடிக்கு ஊற்றுகிற பூவாளியின் மூக்கை அறுத்து மாட்டினார்.

அன்று சாயங்காலம் கம்பெனி வாசலில் பெண்கள் ஏறினார்கள். மேலக்காட்டுச் சோலையம்மாள்தான் முதலில் அதைப் பார்த்தாள். அவள் வாய்க்கு அந்தக் கம்பெனி மேஸ்திரியே ஒதுங்கிப் போவார்.

"யண்ணே, ஜீப்புக்குள்ள தோட்டம் போட்டிருக்கீகளா? பூவாளி தொங்குது."

"பேசாம உக்காரும்மா."

"நாத்து நட்டா சொல்லுங்க. நாங்களும் களையெடுக்க வாறோம்."

பெண்கள் சிரித்தார்கள். வள்ளித்தாய் சிரிக்கவில்லை. அவளிடமும் அவர் முழுதாகச் சொல்லியிருக்கவில்லை. வெந்நீர் வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தார்.

ஜீப் ஓடைப் பாலத்தைத் தாண்டி ஊத்துப்பட்டிக்குள் நுழைந்தது. நிற்காமல் ஊரை விட்டு வெளியேறியது. கேன் நன்றாகக் காய வேண்டும் என்றால் ஓட்டம் வேண்டும். மேலக்காடு போய்த் திரும்பி வந்தால் சரியாக இருக்கும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

"யண்ணே, பொண்டாட்டியை எறக்க மறந்துட்டீக" என்றாள் சோலையம்மாள்.

"மறக்கல. இன்னையிலேர்ந்து அவ கடைசி."

"எதுக்கு?"

அவருக்குப் பொய் சொல்ல வராது. சொன்னார்.

சோலையம்மாள், "எங்க மேலு மட்டும் என்ன இரும்புலயா செஞ்சிருக்கு" என்றாள். கேலியாகச் சொல்லத் தொடங்கியது முடியும்போது கேலியாக இல்லை. அவள் வீட்டிலும் வெந்நீர் போட ஆள் கிடையாது. மற்றவர்கள் வீட்டிலும் அதே கதைதான்.

பாண்டிராஜ் ரோட்டைப் பார்த்து ஓட்டினார். காது கேளாதவர் மாதிரி இருந்துவிடலாம் என்று நினைத்தார். பின்னாலிருந்து வள்ளித்தாயின் குரல் வந்தது.

"மேலக்காட்டுத் தண்ணித் தொட்டிகிட்ட நிப்பாட்டுவாரு. தகரத் தட்டி இருக்குல்ல, கொடியில கெடக்கிற மாத்துச் சேலையை எடுத்தாந்து ஒவ்வொருத்தரா குளிச்சிட்டுப் போங்க."

அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அவள் வெளியே கரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொட்டியருகே ஜீப்பை நிறுத்தி, ரப்பர் குழாயைத் தட்டிக்குள் நீட்டிவிட்டு அவர் ரோட்டோரம் போய் முதுகைக் காட்டி நின்றார். தகரத் தட்டிக்குப் பின்னால் தண்ணீர் சிதறும் சத்தம் கேட்டது. "யம்மா" என்று ஒருத்தி நீளமாக முனகினாள், பிரசவ வலி தீர்ந்தவள் மாதிரி. சோலையம்மாள் வெகுநேரம் வெளியே வரவில்லை. "ஏத்தா, குளிக்கியா, குடியிருக்கியா?" என்று இன்னொருத்தி சத்தம் போட்டாள். ஒவ்வொருத்தி வெளியே வரும்போதும் பாண்டிராஜ் மனதுக்குள் கேனில் எவ்வளவு சூடு மிஞ்சியிருக்கும் என்று தடவிப் பார்த்தார். மேலேயிருந்து குளிர்ந்த தண்ணீர் இறங்க இறங்கக் கீழே பால் கேன் ஆறிக்கொண்டே வரும். அது அவர் செய்த யந்திரம், அதன் வண்டவாளம் அவருக்குத் தெரியும்.

போகும்போது சோலையம்மாள் ஈரத்தலையோடு ஜீப் பக்கம் வந்தாள். "யண்ணே, எங்க வீட்டுக்காரு உசிரோட இருந்தப்பகூட இப்படி வெந்நி வச்சுத் தந்ததில்ல" என்றாள். அவள் புருஷன் எப்படிப் போனான் என்று எல்லோருக்கும் தெரியும். பாண்டிராஜ் வண்டியை எடுத்தார்.

ஊத்துப்பட்டிக்குத் திரும்பி, வீட்டுப் பின்பக்கம் ஜீப்பை நிறுத்தினார். ரப்பர் குழாயைத் திறந்து உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தார். ஆட்டுக்குட்டி நாக்கு அளவுக்குச் சூடு இருந்தது, அதுவும் போய்க்கொண்டிருந்தது.

"உன்னை யாரு தர்மம் பண்ணச் சொன்னா?" என்றார். அவருக்கு இடுப்பு விட்டுப் போயிருந்தது. "ஒரு மாசமா மண்ணுல படுத்து யாருக்காகச் செஞ்சேன்? அவளுக குளிச்சிட்டுப் போயிட்டாளுக. இப்ப நீ என்ன செய்யப் போற, அடுப்பைப் பத்த வைப்பியா?"

வள்ளித்தாய் குழாய்த் தண்ணீரில் விரலை வைத்தாள். எடுத்துக்கொண்டாள். ஜீப்பின் பின்பலகையில் மெதுவாக உட்கார்ந்தாள். முகத்தில் வெள்ளிப் பொடி, அதில் வியர்வை இறங்கிய கோடுகள்.

"நான் எதுக்குப் பத்த வைக்கணும்? நீங்க வச்சா ஆகாதா?"

அவர் புரியாமல் பார்த்தார்.

"இத்தனை நாளா நீங்க வர இருட்டிப் போகும். இன்னைக்கு ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே வந்திருக்கோம். என்னைக் கடைசியா எறக்குறீகன்னா போதுமே. அதுக்குச் செம்புக் கொழாயி எதுக்கு, பால் கேனு எதுக்கு?"

"நானும் உங்ககூடத்தானே ஒக்காந்து வாறேன். எம்மேலயும் மருந்துதான்" என்றார் அவர்.

"மருந்துலயே முங்கி எந்திரிச்ச நான் ஒண்ணு, சட்டையில ஒட்டுன நீங்க ஒண்ணா? சட்டையைக் கழத்திப் போட்டுட்டு, கைகால் மூஞ்சியக் கழுவிட்டு வேற வேட்டியக் கட்டிக்கிட்டுப் போங்க." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "இம்புட்டுக் கொழாயை வளைச்ச ஆளுக்கு ஒரு அடுப்பா பெரிசு."

அவர் நின்றார். கோபப்படலாமா என்று பார்த்தார். அதற்கும் தெம்பு வேண்டும். வேலியோரம் போய்ச் சட்டையையும் வேட்டியையும் அவிழ்த்துத் தண்ணீர் வாளியில் அமுக்கினார். கேனில் மிஞ்சியிருந்த வெதுவெதுப்பில் கைகாலைத் தேய்த்துக் கழுவினார். கொடியில் கிடந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போனார். சுள்ளியை அடுக்கினார். பிறகு தட்டுமுட்டுச் சாமான்களை எல்லாம் உருட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன தேடுறீக?" என்று வெளியிலிருந்து கேட்டாள்.

"தீப்பெட்டி."

"பரண்ல, ஹீட்டர் கம்பிக்குப் பின்னாடி."

மருந்து வேலை பார்க்கிறவர்கள் வீடுகளில் தீப்பெட்டியைக் கைக்கெட்டுகிற இடத்தில் வைப்பதில்லை. கம்பெனிக்கு வண்டி ஓட்டத் தொடங்கிய நாளில் பீடியை விட்டார், அதோடு தீப்பெட்டியும் அவர் கையை விட்டுப் போனது. சின்ன வயதில் எத்தனையோ வீடுகளின் அடுப்புக்குக் குச்சி அடுக்கிய கை. தன் வீட்டுத் தீப்பெட்டி எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாமல் போயிருந்தது.

முதல் குச்சி அணைந்தது. அடுத்தது சுள்ளியைப் பிடிக்கவில்லை. பிறகு புகை கிளம்பி வீடு முழுக்க அடைத்தது. அவர் இருமினார்.

"ஊதுங்க" என்றாள் வெளியே இருந்து. "பலமா இல்ல. மெதுவா."

பிடித்துக்கொண்டது. குண்டானை ஏற்றினார். தண்ணீர் காய்வதற்கு வெகுநேரம் பிடித்தது. ஜீப்பின் கேன் இதைவிடச் சீக்கிரம் காய்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டார். கண்ணில் புகை கரித்தது. வாசலுக்கு அப்பால் வள்ளித்தாய் ஜீப் பலகையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். அவள் உள்ளே வரவில்லை. அந்த ஒன்றுக்காகத்தான் அத்தனை குழாயும்.

காய்ந்ததும் துணியைச் சுற்றிக் குண்டானைத் தூக்கிப் போய்ப் பின்பக்கம் வைத்தார். இடுப்பு சுரீர் என்றது.

"சூடு பதமா இருக்கா பாரு."

அவள் கையை விட்டுப் பார்த்தாள். விரல்களைத் தண்ணீருக்குள்ளேயே மெதுவாக மடக்கினாள், நிமிர்த்தினாள். "இருக்கு" என்றாள்.

அவர் திரும்பி வந்து அடுப்பு முன்னால் உட்கார்ந்தார். பின்பக்கம் செம்பு மொள்ளுகிற சத்தம் நிதானமாகக் கேட்டது.

"யோவ்" என்று அவள் அங்கிருந்து கூப்பிட்டாள். கல்யாணமான புதிதில் அப்படிக் கூப்பிட்டிருக்கிறாள். "அந்தக் கேனைக் கழட்டிராதீக. சோலையம்மாளுக்கெல்லாம் வேணும்."

"கழட்டல."

"நாளைக்கு நீலக் கேனுல தண்ணி ரொப்பி வைங்க. தீர்ந்து போச்சு."

"சரி."

"அடுப்புல ஒலையைப் போடுங்க. நெருப்பு சும்மா எரியுது."

அவர் அரிசிப் பானையைத் தேடி எழுந்தார். அது எங்கே இருக்கிறது என்றும் கேட்க வேண்டியிருந்தது.